வேன் நெடுஞ்சாலையில் அலைகிறதா?

பெரிய வேன் வேகமெடுத்தால் நேராகப் போகாமல் இருபக்கமும் அலைகிறது என்றதும் ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அமைப்பில் மாட்டும் சிறு ஷாக் அப்சார்பர்) மாட்டச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. டேம்பர் உதறலை அடக்கும், அவ்வளவுதான். முன்சக்கரம் திரும்ப உதவும் மூட்டுகளான பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் தேய்ந்திருந்தால் எதையும் அது சரிசெய்யாது.

நான் முதலில் பார்ப்பது டயர் காற்று. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயருக்கான உச்ச அளவு, வண்டிக்கான அளவு ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் வேறாகக்கூட இருக்கும். அப்புறம் ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே பாருங்கள், சக்கரம் அசைவதற்கு முன் எந்த மூட்டு வெறுமனே ஆடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸின் (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி) அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவை மட்டும் கண்டபடி இறுக்கிவிடாதீர்கள், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும், அது உண்மையிலேயே ஆபத்து.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கம்பெனி தந்த வரம்புக்குள் பாசிட்டிவ் பக்கம், அதாவது அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாயும்படி, சற்றுக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள், வண்டி நேர்கோட்டில் நிற்கும். பக்கவாட்டுச் சாய்வுக்குப் பின்பக்க ஸ்வே பார் (இருபக்க சஸ்பென்ஷனையும் இணைக்கும் கம்பி) நல்ல தீர்வு. கனமான சாமானைக் கூரையில் ஏற்றாதீர்கள், தரையோடு வையுங்கள்.