லேத்துல பூரிக்கட்டை: மூணாவது கட்டைல தான் நேரா வந்துச்சு

பூரிக்கட்டைல என்ன இருக்கு, நேரா ஒரு உருளை, ரெண்டு பக்கமும் கைப்பிடி அவ்ளோதானேன்னு நெனச்சுதான் லேத்துல (மரத்த சுத்த விட்டு உளியால கடையற மெஷின்) ஆரம்பிச்சேன். ஆனா வளைவு வளைவா நாற்காலி கால் கடையறத விட நேரா 28 சென்டிமீட்டர் கடையறது கஷ்டம்ங்க. வளைவுல ஒரு எம்எம் முன்ன பின்ன போனா யாருக்கும் தெரியாது, இதுல அர எம்எம் பள்ளம் விழுந்தாலும் மாவு அந்த எடத்துல மட்டும் தடியா நிக்கும்.

முதல் கட்ட நடுவுல பெருத்துப் போச்சு. ரெண்டாவது கட்டைல ஸ்கியூ உளியோட (வெட்டுற விளிம்பு சாய்வா இருக்குற உளி) மேல் முனை மரத்துல குத்தி, சட்டுனு இழுத்துட்டுப் போய் சுருளா ஆழமா ஒரு கோடு போட்டுருச்சு, அத எடுக்கணும்னா கட்ட ரொம்ப மெலிஞ்சிடும்னு விட்டுட்டேன்.

இந்த தடவ பீச் மரம், 5 செ.மீ சதுரம், 44 செ.மீ நீளம், ரேகை நீளவாக்குல நேரா ஓடுற துண்டா பாத்து எடுத்தேன். ஓக் மாதிரி துளை பெருசா இருக்குற மரம் இதுக்கு வேணாம், மாவு உள்ள போய் உக்காந்துக்கும். ரெண்டு முனைலயும் மூலைக்கு மூலை கோடு போட்டு நடுப்புள்ளி எடுத்து, லேத்துல மாட்டி, டூல் ரெஸ்ட் (உளிய தாங்கி வைக்கிற கம்பி) எங்கயும் இடிக்கலன்னு கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுதான் சுவிட்ச் போட்டேன். சதுரத்த உருட்டா ஆக்குற வரைக்கும் 900 ஆர்பிஎம், அப்புறம் 1800. முகத்துக்கு ஷீல்டு கண்டிப்பா வேணும், கையுறை மட்டும் போடவே கூடாது, சுத்துற மரம் துணிய பிடிச்சா கையையும் சேத்து இழுத்துரும்.

முதல் கட்ட ஏன் நடுவுல பெருத்துச்சுன்னு இப்பதான் புரிஞ்சுது. டெயில்ஸ்டாக்க, அதாவது கட்டையோட மறுமுனைய அழுத்திப் பிடிக்கிற பகுதிய, ரொம்ப இறுக்கிட்டேன், அதுல கட்ட லேசா வில்லு மாதிரி வளையுது, அது போக உளி மழுங்கி இருந்தா நாம அழுத்துவோம், அழுத்த அழுத்த நடுப்பகுதி உளிய விட்டு விலகிப் போகும், வெட்டு கம்மியா விழும். அதனால இந்த முறை ஆடாம நிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்கி, உளிய அடிக்கடி தீட்டி, 5 செ.மீக்கு ஒரு எடத்துல பார்ட்டிங் உளியால (ஒடுக்கமா காடி வெட்டுற உளி) விட்டம் 46 எம்எம் வர்ற வரைக்கும் காடி வெட்டி, ஒவ்வொரு காடியோட அடிலயும் பென்சில் கோடு போட்டேன். அப்புறம் நடுவுல மிச்சம் நிக்கிற மரத்த சீவிட்டே வந்து, பென்சில் கோடு மங்கலா தெரியுறப்ப நிறுத்திட்டேன். இந்த ஒரு வேல தான் எல்லாத்தையும் மாத்துச்சு. ஸ்கியூவும் இந்த தடவ குத்தல, உளியோட தீட்டுன சாய்வு முகத்த மரத்துல உரச விட்டு, முனைகள விட்டுட்டு விளிம்போட கீழ்ப்பாதில மட்டும் வெட்டுனேன், சீவல் ரிப்பன் மாதிரி நீளமா வந்துச்சு, அந்த சத்தமே தனி சுகம்.

கைப்பிடி 25 எம்எம், பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

டூல் ரெஸ்ட்ட கழட்டிட்டுதான் உப்புத்தாள் போடணும். 120, 180, 240ன்னு போனேன், விரலால தேய்க்காம தட்டையான ஒரு மரத்துண்டுல சுத்தித் தேய்ச்சேன், விரல்னா மரம் மிருதுவா இருக்குற எடத்துல பள்ளம் பறிச்சிடும். ஒவ்வொரு நம்பர் முடிஞ்சதும் லேத்த நிறுத்தி நீளவாக்குல ஒரு தேய், வட்டக் கோடெல்லாம் மறஞ்சிடும். கடசில ஈரத்துணியால தொடச்சு, எழும்புற நாரு காஞ்சதும் திரும்ப 240. முனைல மிச்சம் நின்ன குச்சிகள ரம்பத்தால அறுத்து எடுத்து, சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகுற மினரல் ஆயில் ரெண்டு தடவ பூசுனேன். டங் ஆயில் (காஞ்சு கெட்டியாகுற ஒரு எண்ணெய்) பூசுறவங்க எண்ணெய் துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, காயுறப்ப சூடாகி தானாவே தீ பிடிக்கும், விரிச்சுப் போட்டு காய விடுங்க.

ஸ்டீல் ஸ்கேல மேல வச்சு பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தேன், நடுவுல முடி அளவு வெளிச்சம் கூட வரல. வெர்னியர்ல ரெண்டு ஓரமும் 45.2, நடு 45.3.