ஒரு கோப்பி ஓ காவும் ஒரு விண்ணப்பப் பாரமும்

ஞாயிற்றுக்கிழமை காலை, பினாங்கு, குளுகோரில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) மடிக்கணினியோடு உட்கார்ந்து மாநாட்டுப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் நடக்கவிருக்கும் வேதியியல் கல்வி மாநாடு. தலைப்பு, 250 சொல்லில் சுருக்கம் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. ‘ஆய்வின் முடிவுகள்’ என்ற கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். நான் கட்டுரை படிக்க நேரம் கேட்கவில்லை, கலந்துரையாடலுக்குத்தான் கேட்டேன். ஒரு மணி நேரம், ஆறு மேசை, மேசைக்கு ஆறு ஆசிரியர்கள், ஒரு நெறியாளர். உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். பேசுவதற்கு முன்னாலேயே முடிவை எங்கே போய்த் தேடுவது?

முன்பு ஒரு மாநாட்டில் கட்டுரை படித்திருக்கிறேன். 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. எனக்கு முன்னால் பேசியவர் தன் நேரத்தைத் தாண்டி என் கேள்வி நேரத்தையும் சாப்பிட்டுவிட்டார். இடைவேளையில் கறிபாப் தட்டோடு நின்றிருந்த கிளந்தான் ஆசிரியை ஒருவர், “உங்கள் பிள்ளைகளும் குவாட், பெக்காட் இரண்டையும் போட்டுக் குழப்புவார்களா?” என்று கேட்டார். மணி அடிக்கும்வரை அதையே பேசினோம். கறிபாப் ஆறிப்போனது. அந்த மூன்று நாளில் நான் ஊருக்கு எடுத்துவந்தது அந்தப் பேச்சு ஒன்றைத்தான்.

படிவம் 4, அமிலம், காரம், உப்பு பாடம். மலாயில் ‘அசிட் குவாட்’ என்றால் வலிமை மிகு அமிலம். நீரில் ஏறக்குறைய முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடும். ‘அசிட் பெக்காட்’ என்றால் செறிவு மிகுந்தது. ஒரு லிட்டரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. பலகையில் இரண்டு வரி எழுதினேன். பிஎச் எண் குறையக் குறைய கரைசலின் அமிலத்தன்மை கூடும். லிட்டருக்கு 0.001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிஎச் 3. லிட்டருக்கு 1 மோல் எத்தனோயிக் அமிலம், அதாவது கடை வினிகரைவிடக் கொஞ்சம் கூடுதல் செறிவு, பிஎச் ஏறக்குறைய 2.4. எது வலிமை மிகு அமிலம்?

“ரெண்டாவதுதான் டீச்சர். கோப்பி ஓ காவ் மாதிரி,” என்றான் பின்வரிசைப் பையன். வகுப்பே தலையாட்டியது.

விடை முதலாவதுதான்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் பிரிந்துவிடும், எத்தனோயிக் அமிலம் கொஞ்சம்தான் பிரியும். இரண்டாவதில் செறிவுதான் அதிகம். ஆனாலும் அவன்மேல் தப்பில்லை. கோப்பி ஓ என்றால் பால் சேர்க்காத கோப்பி, ஹொக்கியன் சீனத்தில் காவ் என்றால் கெட்டி. பினாங்கில் ‘ஸ்ட்ராங்கா ஒன்னு’ என்றால் வருவதும் கெட்டிக் கோப்பிதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை ‘கரைசல்’ என்று படித்தவன், இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் மலாயில் ‘லாருத்தான்’ என்கிறான், கல்லூரிக்குப் போனால் ‘சொலுஷன்’ என்பான். 2003-இல் அறிவியலை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது நாங்களும் இப்படித்தான் தடுமாறினோம். பழகி முடிப்பதற்குள் திரும்ப மலாய்க்கு மாறியது. வேதியியலுக்கு மூன்று முனை என்றார் கிளாஸ்கோவின் வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன்: கண்ணுக்குத் தெரிவது, தெரியாத துகள், தாளில் எழுதும் குறியீடு. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தாவச் சொன்னால் புதிதாகப் படிக்கிறவனுக்குத் தலை கனக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு முனைக்கு மூன்று மொழி வேறு.

இதைப் படவில்லை போட்டு 12 நிமிடத்தில் சொன்னால் எல்லாரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேதியியல் கல்வி மாநாட்டில் ‘பேர்ட்ஸ் ஆஃப் அ ஃபெதர்’ என்று கலந்துரையாடலுக்கென்றே அமர்வு வைப்பதுண்டு. நம் ஊர்ப் பாட்டி ‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்பாள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வெள்ளாடுகள் மட்டும் கூடினால் ஒரே புலம்பலாகத்தான் இருக்கும். பட்டணத்துப் பள்ளி, தோட்டப்புறப் பள்ளி, மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு) விரிவுரையாளர் என்று ஒரே மேசையில் கலந்து உட்கார வேண்டும்.

நெறியாளர் என்றதும் நம்மவர்களுக்குப் பட்டிமன்ற நடுவர் ஞாபகம் வந்துவிடுகிறது. நகைச்சுவை சொல்லி, கடைசியில் தீர்ப்பு வழங்குகிறவர். இங்கே தீர்ப்பே கிடையாது. முதல் மூன்று நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. வகுப்பில் குவாட், பெக்காட் பற்றித் தான் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு அட்டையில் எழுத வேண்டும். ‘நான் கையாளும் அணுகுமுறை’ என்று ஆரம்பித்தால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இது இல்லாவிட்டால் பானித்தியா (பாட ஆசிரியர் குழு) தலைவர் பேசுவார், புதிதாக வந்த பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். நம் கூட்டங்கள்தான் தெரியுமே. பிறகு இளையவர் அட்டையிலிருந்து தொடங்கிச் சுற்றிவர வேண்டும். மாஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத் தாளில் மேசைக்கு ஒரு வரி: இன்னும் தீராத கேள்வி எது?

போன மாதம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எட்டுப் பேரை வைத்து ஒத்திகை பார்த்தேன். நெறியாளர் நான்தான். 20 நிமிடத்தில் நான் மட்டுமே ஒன்பது நிமிடம் பேசியிருக்கிறேன். ஆய்வுக்கூட நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் கணக்கெடுத்திருந்தார், சிரிக்காமல் நீட்டினார். ஆகவே மாநாட்டில் நான் எந்த மேசைக்கும் நெறியாளர் இல்லை. அதையும் பாரத்தில் எழுதிவிட்டேன்.

கடைக்கார அண்ணன் இரண்டாவது கோப்பியைக் கொண்டுவந்து வைத்தார். “காவ் போதுமா டீச்சர்?”

“போதும் அண்ணே,” என்று சொல்லிவிட்டு, முடிவுகள் கட்டத்தில் ‘36 பேரும் பேசிய பிறகு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.