‘புரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்திய பிறகு

நான் குழந்தைகள் வார்டில் பணிக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், வயிற்றுப்போக்கு குணமாகி வீடு திரும்பிய பத்து மாதக் குழந்தை ஒன்று மறுநாள் மாலையே மீண்டும் எங்களிடம் வந்தது. எவ்வளவு கொடுத்தாலும் தாகம் அடங்காமல் வீறிட்டு அழுதது, தொட்டாலே துடித்தது. இரத்தத்தில் சோடியத்தின் அளவு இயல்பைவிட மிகவும் உயர்ந்திருந்தது. வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று தந்தையிடம் கேட்டபோது, ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். (இழந்த நீரை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தை ஒரே தம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்ததாகச் சொன்னார். “இவ்வளவு சின்னக் குழந்தை ஒரு லிட்டர் எங்கே குடிக்கப் போகிறது, சிஸ்டர்? மருந்து முழுவதும் உள்ளே போகட்டும் என்றுதான் தண்ணீரைக் குறைத்தேன்” என்றார்.

அவர் அலட்சியமானவர் அல்லர். பொடிதான் மருந்து, தண்ணீர் அதை விழுங்குவதற்கான வழி என்று நினைக்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள். ‘ஒரு லிட்டரில் கரையுங்கள்’ என்று முந்தைய நாள் அவரிடம் சொன்னது நான்தான். ‘புரிந்ததா?’ என்று கேட்டேன், ‘புரிந்தது’ என்றார், கையேட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சோடியத்தை அவசரமாகக் குறைத்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் மருத்துவர்கள் இரண்டு நாட்கள் பொறுமையாக அதை இறக்கினார்கள். குழந்தை முழுமையாகத் தேறியது. ஆனால் அந்த இரண்டு இரவுகளும் கட்டிலருகே உறங்காமல் அமர்ந்திருந்த அந்தத் தந்தையின் முகம், பெற்றோருக்குச் சொல்லித்தருவதைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அதிகமாக எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதன்பின் ‘புரிந்ததா?’ என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. பல இரவுகள் தூங்காத, பயந்துபோன, வெள்ளுடைக்கு முன்னால் கூச்சப்படுகிற ஒரு தாயால் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. இப்போது நான் சொல்வது இதுதான்: “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டில் இதை எப்படிக் கலக்குவீர்கள் என்று ஒருமுறை செய்து காட்டுங்கள்.” சோதிக்கப்படுவது பெற்றோரின் அறிவு அன்று, என்னுடைய விளக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களுடைய தோள்கள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு லிட்டர் பாத்திரத்தையும் ஒரு பொட்டலத்தையும் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் நிற்கிறேன். தவறு நேர்ந்தால் அங்கேயே, என் கண்ணெதிரே நேர்கிறது.

உப்பும் சர்க்கரையும் எதற்கு என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தவர்கள் அளவை மாற்றுவதில்லை. குடலின் உட்சுவரில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னாலேயே நீரும் போகிறது. கடுமையான வயிற்றுப்போக்கின்போதும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் பரிந்துரைத்த கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் என மொத்தம் 20.5 கிராம் மட்டுமே இருக்கிறது. தண்ணீரைக் குறைத்தால் கரைசல் இரத்தத்தைவிட அடர்த்தியாகி, உடலுக்குள் சேர்க்க வேண்டிய நீரை உடலிலிருந்து குடலுக்குள் இழுத்துவிடுகிறது. அதனால்தான் அந்தத் தம்ளர் கரைசல் குழந்தையின் தாகத்தைத் தீர்க்காமல் வளர்த்தது. 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலங்களும் விற்கப்படுகின்றன என்பதால், ‘ஒரு லிட்டர்’ என்று மனப்பாடமாகச் சொல்லாமல், பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவைப் பெற்றோரையே வாசிக்கச் சொல்கிறேன். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்கான் எல்லையோர அகதி முகாமில் காலரா பரவி, இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைப் பெரிய கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் செய்தார். இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவப் பயிற்சி ஏதுமற்ற தாய்மாரும் தந்தையரும் கரண்டியும் குவளையுமாக உயிர்களைக் காத்தார்கள் என்பதை, ‘எங்களுக்கு இதெல்லாம் தெரியாதே’ என்று தயங்குகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு.

ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கை நிறுத்தாது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மறுநாளும் குழந்தை நீராகப் போகும்போது ‘இது பலிக்கவில்லை’ என்று முடிவுகட்டி நிறுத்திவிடுகிறார்கள். இழந்த நீரை ஈடுசெய்வதுதான் அதன் வேலை: ஒவ்வொரு முறை நீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக, கரண்டி கரண்டியாகத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டியதில்லை. கண்கள் குழிந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, எதையும் குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, அதற்குமேல் வீட்டில் வைத்திருக்கும் நோய் அன்று அது.

காய்ச்சலைப் பொறுத்தவரை சிக்கல் வேறு விதமானது. அங்கே பெற்றோர் அறியாமையால் தவறுவதைவிட அச்சத்தால் தவறுவதே அதிகம். தெர்மாமீட்டரில் எண் ஏற ஏற அவர்களுடைய பார்வை குழந்தையை விட்டு எண்ணின்மேல் நிலைத்துவிடுகிறது. 39.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோடு விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைவிட, 38.2 டிகிரியில் கண் திறக்காமல் கிடக்கும் குழந்தையே என்னைக் கவலைப்படுத்தும் என்று விளக்குகிறேன். காய்ச்சல் மருந்து கொடுப்பது எண்ணை இறக்குவதற்காக அன்று, குழந்தையின் துன்பத்தைக் குறைப்பதற்காக. அமைதியாக உறங்கும் குழந்தையை எழுப்பி அதைப் புகட்ட வேண்டியதில்லை. இந்தத் தளர்வுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை நான் குரலை மாற்றித்தான் சொல்வேன்: மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 38 டிகிரி அல்லது அதற்குமேல் காய்ச்சல் இருந்தால், சிசு எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பாராசிட்டமாலின் அளவு வயதைப் பொறுத்தது அன்று, எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மிகாமல். கணக்கு எளிதானதுதான், ஆனால் சிசுக்களுக்கான சொட்டு மருந்து சிரப்பைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கக்கூடும். சில தயாரிப்புகளில் ஒரு மில்லிலிட்டர் சொட்டு மருந்தில் 100 மில்லிகிராம் இருக்க, சிரப்பில் அதே அளவு மருந்துக்கு ஏறத்தாழ நான்கு மில்லிலிட்டர் தேவைப்படும். ‘4 மில்லி கொடுங்கள்’ என்று எழுதிய சீட்டு, பழைய சொட்டு மருந்துப் புட்டி இருக்கும் வீட்டில் ஆபத்தாகிவிடும். ஆகவே வீட்டிலுள்ள எல்லா மருந்துப் புட்டிகளையும் எடுத்துவரச் சொல்கிறேன். ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரை இழுத்துக் காட்டச் சொல்லி, நிறுத்த வேண்டிய கோட்டில் பேனாவால் குறியிடுகிறேன். சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கக்கூடும் என்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதபடி அட்டையையும் உடன் அமர்ந்து வாசிக்கிறேன்.

காய்ச்சல் வலிப்பைப் பற்றி, அது வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு அது வருகிறது. அதை முதன்முறை பார்க்கிற பெற்றோர் பலரும் குழந்தை இறந்துவிட்டதாகத்தான் நினைக்கிறார்கள். அந்த நிமிடத்தில் எதையும் கற்க முடியாது. ஒரு பொம்மையை மடியில் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், வாயில் விரலோ கரண்டியோ நீரோ மருந்தோ வைக்காதிருக்கவும், கை கால்களை அழுத்திப் பிடிக்காதிருக்கவும், முக்கியமாகக் கடிகாரத்தைப் பார்க்கவும் பழக்குகிறேன். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ். அதற்குள் நின்றுவிட்டாலும் முதல் வலிப்பு என்றால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அப்படி வலிப்பு வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மீண்டும் வரலாம் என்பதையும், காய்ச்சல் மருந்தை முந்திக் கொடுத்தால் அது தடுக்கப்படும் என்று நம்ப முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால், அடுத்த முறை வரும்போது தாய் தன்னைத்தான் குற்றம் சாட்டிக்கொள்கிறாள்.

சளியின் நிறம் பச்சையாக இருப்பதால் மட்டும் ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை; ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இவ்விரண்டையும் அநேகமாக எல்லாரிடமும் சொல்கிறேன், விரைவில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இருமலில் நான் அதிக நேரம் செலவிடுவது மூச்சை எண்ணப் பழக்குவதில்தான். குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையை உயர்த்தி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் சிறு குழந்தைகளிடம் கணக்குப் பிசகும், ஏனெனில் அவர்களுடைய மூச்சு சீராக ஓடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அல்லது இவற்றுக்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்கவும் நேரமில்லை.

இவற்றையெல்லாம் எப்போது சொல்வது என்பதிலும் நான் தவறியிருக்கிறேன். வீட்டுக்குப் புறப்படும் நாளில், பைகளைக் கட்டிக்கொண்டு கணக்கை முடிக்கிற பரபரப்பில் இருப்பவர்களிடம் அத்தனையையும் கொட்டுவது பயனற்றது. முதல் நாளிலிருந்தே, ஒவ்வொரு வேளை மருந்தையும் நான் கொடுப்பதை விட்டு அவர்கள் கொடுப்பதை நான் பார்க்கிறேன். இன்னொன்று: பகலில் குழந்தை யாரிடம் இருக்கும் என்று கேட்டு, அவரை வரவழைக்கிறேன். தாய்க்கு மட்டும் சொல்லிவிட்டு, அவள் வேலைக்குப் போன பிறகு எட்டு மணி நேரம் குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும் பாட்டியை விட்டுவிடுவதில் பொருளே இல்லை.

அப்படி வந்த ஒரு பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லி அறை வாசலிலேயே நின்றுவிட்டார். எண்ணத் தெரியுமா என்று கேட்டேன். நூறுவரை தெரியும் என்றார். மகனுடைய கைப்பேசியில் ஒரு நிமிடம் முடிந்ததும் மணி அடிக்கும்படி வைத்து, பேரனின் வயிற்றைப் பார்த்து எண்ணப் பழகினார். முதல் முறை என் எண்ணிக்கையிலிருந்து பதினொன்று தள்ளிப்போனது, மூன்றாம் முறை ஒன்றுதான் தள்ளியது. இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகலில், பதினான்கு மாதமாகியிருந்த அந்தக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரே வந்தார். என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்கு முன்பே, “ஐம்பத்திரண்டு, சிஸ்டர். தூங்கும்போது இரண்டு தடவை எண்ணினேன்” என்றார். படுக்கையில் கிடத்தி, சட்டையை உயர்த்தி நானும் எண்ணினேன், 54 வந்தது.