மாட்டினால் மட்டும் பொருத்தம் ஆகிவிடாது

அக்கா மகன் போன வருடம் தானே பாகங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டினான். எல்லாம் மாட்டியாயிற்று, விண்டோஸ் வந்தது, கேமும் ஓடியது. ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ பார்ப்பதற்காக டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன், ரேம் வேகம் 4800 என்று இருந்தது. அவன் வாங்கியதோ 6000 வேக டிடிஆர்5 ரேம். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போ என்ற ஒரு வரியை ஆன் செய்திருக்க வேண்டும், இன்டெல் போர்டுகளில் அதையே எக்ஸ்எம்பி என்பார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆறு மாதமாக எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

பாகங்கள் பொருந்துமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மாட்ட முடியுமா என்பதைத்தான் கேட்கிறார்கள். மாட்ட முடிந்தும் உயிர் வராமல் போகலாம், உயிர் வந்தும் பாதி வேகத்தில் ஓடலாம். எனக்கு அந்த மூன்றாவதுதான் பெரிய கவலை, ஏனென்றால் மற்ற இரண்டும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ப்ராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டில் அதிகம் குழப்பமில்லை. ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசைகள் ஏஎம்5 போர்டில், ரைசன் 5000 ஏஎம்4 போர்டில், இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700 போர்டில். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ1700இல்தான் கவனம் வேண்டும், டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, ஒரே பெயரில் கடைசிப் பகுதி மட்டும் மாறி வரும். இரண்டு ரேமையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீளம் ஒன்றுதான், இரண்டிலும் 288 பின்கள்தான், நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். ரேம் உட்கார மறுத்தால் அழுத்தாதீர்கள், எடுத்து அந்த வெட்டைப் பாருங்கள்.

சாக்கெட் ஒன்றாக இருந்தும் உயிர் வராத கதைக்கு எல்ஜிஏ1151 நல்ல உதாரணம். இன்டெலின் 6, 7ஆம் தலைமுறைகளுக்கும் அதே பெயர், 8, 9க்கும் அதே பெயர், ஆனால் பழைய போர்டில் புதியது ஓடாது. ஏஎம்4இல் வேறு மாதிரி: பி450 போர்டில் ரைசன் 5000 ஓடும், ஆனால் பயாஸ் புதியதாக இருக்க வேண்டும். போர்டு தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் ப்ராசஸர் பட்டியல் ஒன்று இருக்கும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று போட்டிருப்பார்கள். நான் முதலில் திறப்பது அதைத்தான். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் ப்ராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிவிடலாம், அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுத்து அந்த போர்டை வாங்கலாம் என்பேன்.

கேபினட்டுக்கு டேப் எடுத்து அளப்பதைத் தவிர வழியில்லை. கிராபிக்ஸ் கார்டு 350 மில்லிமீட்டர் வரை போகும் என்று போட்டிருப்பார்கள், முன்பக்கம் லிக்விட் கூலர் வைக்காத கணக்கு அது. ரேடியேட்டர் 27, அதன் மேல் ஃபேன் 25, ஆக 52 போய்விட்டால் மிச்சம் 298தான், இப்போதைய பெரிய கார்டுகள் 300ஐத் தாண்டுகின்றன. ஏர் கூலருக்கு உயரத்தைப் பாருங்கள், நாக்டுவாவின் என்எச்-டி15 மட்டுமே 165 மில்லிமீட்டர், ஒல்லியான கேபினட்டில் பக்கக் கதவு மூடாது.

பவர் சப்ளை பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். வாட்டேஜ் கணக்கை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள், கேபிளைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளையில் கேபிளின் ஒரு முனை ஹார்ட் டிஸ்க்குக்கோ கார்டுக்கோ போகிறது, அந்த முனைக்குப் பொதுவான விதி உண்டு. பவர் சப்ளைக்குள் செருகும் மறுமுனைக்கு அப்படி ஒரு விதியே கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வயரை மாற்றி வைத்திருக்கும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். செருகினால் சரியாக உட்காரும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய்விடலாம். பழைய பவர் சப்ளையை மாற்றியபோது ஏற்கெனவே அழகாகக் கட்டி வைத்திருந்த கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகினேன், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் அந்த நொடியே போயின, ஒன்றில் அக்கா கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. பவர் சப்ளையை மாற்றினால் அதன் பெட்டியில் வந்த கேபிள்களைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் அந்த மூன்றாவது வகை, உயிர் வந்தும் மெதுவாக ஓடுவது. மதர்போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் இரண்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம், கீழே இருப்பதில் தரவு போகும் பாதை, அதாவது லேன், பெரும்பாலும் நான்குதான், கிராபிக்ஸ் கார்டு ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் ஸ்லாட்டில்தான் போக வேண்டும். சில கார்டுகளிலேயே லேன் குறைவு. ஆர்டிஎக்ஸ் 4060க்கு எட்டு, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு வெறும் நான்கு. அந்த நான்கு லேன் கார்டைப் ஸ்லாட்டுகள் பழைய பிசிஐஇ 3.0 வேகத்தில் ஓடும் போர்டில் போட்டால் படம் வரும், கேம் திணறும். ரேம் இரண்டு குச்சிதான் என்றால், நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள், முதல் இரண்டிலும் போட்டால் ஒரே சேனலில், அதாவது ஒரே பாதையில் ஓடும். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 டிரைவ் போட்டதும், ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு செத்துப்போகும் போர்டுகளும் உண்டு, மேனுவலில் ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கும்.

அவனிடம் எக்ஸ்போவை ஆன் செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் போன். "மாமா, ஸ்கிரீன் கருப்பா இருக்கு, போச்சா?" ஏஎம்5 போர்டு ரேமைப் புதிய வேகத்துக்குப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரையில் ஒன்றும் வராது. "பட்டனைத் தொடாதடா, அப்படியே விடு" என்றேன். போனை வைக்காமலே இருந்தான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கீபோர்டு தட்டும் சத்தம், "மாமா, 6000."