குறை காயில் இல்லை, சோற்றில் இருக்கிறது

நார்ச்சத்து என்றாலே எல்லோரும் சொல்வது, "காய் நிறைய சாப்பிடுங்க." சாப்பிட வேண்டியதுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்மூர்ச் சாப்பாட்டில் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டனில் 2015 முதல் 30 கிராம் என்று வைத்திருக்கிறார்கள், அங்கே சராசரியாகச் சாப்பிடுவது 20 கிராம்கூட இல்லை. சரி, நாம்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலில், தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. இட்லி, தோசை, சோறு எல்லாம் சேர்த்து ஒருவர் 300 கிராம் அரிசி சாப்பிட்டால் எட்டு, ஒன்பது கிராம் தேறும். சாம்பாரில் ஆளுக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, அதில் ஒரு 3 கிராம், ஒரு கரண்டி பீன்ஸ் பொரியலுக்கு 2 கிராம், அவ்வளவுதான், வயிறு நிரம்பிவிடும், 15 கிராம்கூட ஆகியிருக்காது. இதில் பொரியலை இரண்டு மடங்கு போட்டுக்கொண்டாலும் 25-ஐ எட்ட முடியாது.

அதே பட்டியலில் கேழ்வரகு 11 கிராம், தோலோடு இருக்கிற கறுப்புக் கொண்டைக்கடலை 25 கிராம்! ஐம்பது கிராம் கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 12 கிராம் வந்துவிடுகிறது. நவராத்திரிக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் மட்டும் அதை ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, தினமும் சாயங்காலம் பிஸ்கட் வைக்கிற தட்டில் வைக்க வேண்டிய பண்டம் அது.

இது மலச்சிக்கல் விஷயம் மட்டும் இல்லை. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த 20 கறுப்பின மக்களுக்குத் தென்னாப்பிரிக்கக் கிராமத்துச் சாப்பாட்டையும் அந்தக் கிராமத்து 20 பேருக்கு அமெரிக்கச் சாப்பாட்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டே வாரம். நார்ச்சத்து கூடி, கொழுப்பும் குறைந்த அமெரிக்கர்களுக்குப் பெருங்குடல் அழற்சி குறைந்தது, மற்றவர்களுக்கு நேர்மாறாக நடந்தது.

ஒரே நாளில் கூட்டிவிடாதீர்கள், வயிறு உப்பிக்கொள்ளும். முதல் வாரம் ஒரு சின்னக் கிண்ணம் போதும், தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். அப்புறம், கடலை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள், வாயுத் தொல்லை கொஞ்சம் குறையும்.