ஒரே இடம், ஒரே கால் மணி நேரம்

பறவை பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுப் பக்கத்துக் குளக்கரையோ மொட்டை மாடியோ போதும். விடிந்த முதல் 2 மணி நேரத்தில் 15 நிமிடம் ஒதுக்குங்கள். 8x42 இருகண்நோக்கி (8 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மி.மீ.) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

தேதி, தொடங்கிய நேரம், நின்ற நிமிடங்கள், இனம், எண்ணிக்கை: இவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் காகமும் மைனாவும்தான் முதலில் விட்டுப்போகும். அரிதானதை மட்டும் குறிப்பதுதான் பெரிய தவறு. அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால்தான், பட்டியலில் குயில் இல்லாத நாளுக்கும் பொருள் உண்டு. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதிவிட 2002 முதல் இயங்கும் ஈபேர்ட் (eBird) இணையதளம் முழுப் பட்டியலை வலியுறுத்துவதும் இதற்காகத்தான்.

கூட்டமாகப் பறந்தால் முதல் பத்தை எண்ணி, அவை பிடிக்கும் அகலத்தைக் கண்ணால் அடுத்தடுத்து வைத்து, கூட்டத்தில் எத்தனை பத்து இருக்கும் என்று பாருங்கள்.

மடையான் என்னும் சிறு கொக்கைக் கவனியுங்கள். சேற்றோரம் நிற்கையில் மண்ணோடு மண்ணாக இருக்கும். எழும்பிய நொடியில் பளீரென்று வெள்ளைச் சிறகு. பறக்கும்போது மட்டும் பார்த்தவர்கள் வெள்ளைக் கொக்கு என்று எழுதிவிடுவார்கள். இனப்பெருக்கக் காலத்தில் அதே பறவையின் முதுகு கருஞ்சிவப்பாகும். அந்த மாற்றம் தொடங்கும் வாரத்தை உங்கள் குறிப்பேட்டிலேயே பிடிக்கலாம், அதைவிட இனிமை வேறென்ன!