அறுபது வருடத் தொலைக்காட்சி: ஒரு டிசம்பர் நாட்குறிப்பு

17 டிசம்பர் 2023, ஞாயிறு

வரும் 28ஆம் தேதியோடு நம் மலேசிய நாட்டுத் தொலைக்காட்சிக்கு 60 வயது நிறைகிறது. 1963 டிசம்பர் 28, சனிக்கிழமை. அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். மலேசியா உருவாகி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டடம், அமைச்சர், அலைவரிசை என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களை யாரும் கேட்பதில்லை. தமிழர்களை இன்னும் கேட்பதில்லை. அறுபதுகளில் வாலிபர்களாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதுக்குமேல், எண்பதுக்குமேல் வயது. என் குடும்பத்திலேயே பெரியப்பா, அத்தை என்று இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். பள்ளி விடுமுறைதானே, நானே போய்க் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, இங்கே எழுதி வைக்கப் போகிறேன்.

19 டிசம்பர், செவ்வாய்

முதலில் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங். புக்கிட் நானாஸ் மோனோரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். சுற்றுலா மையமாக இருக்கும் அந்த வெள்ளை மாளிகையை ஈயமும் ரப்பரும் சேர்த்துப் பெரும் செல்வந்தரான யூ தோங் சென் 1935ல் கட்டினார். அதே வளாகத்தில்தான் துங்கு அப்துல் ரகுமான் மண்டபம். தொலைக்காட்சியின் முதல் நிலையம் இதுதான்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சுதந்திரத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்தொடர் 1959 செப்டம்பரில் தொடங்கியதும் இந்த மண்டபத்தில்தான். புதிய நாடாளுமன்றக் கட்டடம் 1963 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே இங்கே தொலைக்காட்சி. நாட்டுக்கு அவசரமாக ஒரு கூரை தேவைப்பட்ட போதெல்லாம் இந்த மண்டபம் கைகொடுத்திருக்கிறது. அப்போது இந்தோனேசியாவோடு மோதல் வேறு நடந்துகொண்டிருந்தது. புதிய நாட்டின் முகத்தை மக்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அரசாங்கத்துக்கு இருந்தது. ஸ்டுடியோ கட்டி முடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

முற்றத்தில் சுற்றுலாப் பயணிகள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி பிறந்த இடம் இது என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. வாசலில் பெரிதாக ஒரு பலகை வைத்துச் சொல்லலாம். அதற்குரிய பெருமை அந்த இடத்துக்கு உண்டு.

20 டிசம்பர், புதன்

மழை. எங்கும் போகவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்தேன். "என்ன நிகழ்ச்சி பார்த்தீர்கள்" என்று கேட்டால் பெரியவர்கள் யோசித்து யோசித்துச் சோர்ந்துவிடுகிறார்கள். "யார் வீட்டில் பார்த்தீர்கள்" என்று கேட்டால் மடை திறந்த மாதிரி பேசுகிறார்கள். அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

23 டிசம்பர், சனி

பெரியப்பா வீடு, செந்தூல். பெரியம்மா தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார், பெரியப்பா பேசிக்கொண்டே இருந்தார்.

அவர் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ஹன்ட்ரட் குவாட்டர்ஸில். 1905ல் ரயில்வே தொழிலாளர்களுக்கும் கிராணிமார்களுக்கும் (எழுத்தர்களுக்கும்) கட்டிய வரிசை வீடுகள். இன்று அவை இல்லை, இடித்துவிட்டார்கள்.

"எங்க வரிசையில முதல்ல டிவி வாங்குனது ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்மா. ரயில்வேல பெரிய கிராணி. நாலு கால் வெச்ச மரப்பெட்டி. முன்னால இழுத்து மூடுற கதவு, அதுக்குப் பூட்டு. சாவி அந்த அம்மா இடுப்புல இருக்கும். ஆறு மணிக்கு அவங்க சாவியை எடுத்தா, ஜன்னல்ல நாங்க பதினஞ்சு பேரு."

பெட்டியைப் போட்டவுடன் படம் வந்துவிடாது. உள்ளே வால்வு சூடேற வேண்டும். முதலில் சத்தம் வரும், பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம், அதற்குப் பிறகுதான் உருவம். சில நாள் படம் மேலே மேலே உருண்டுகொண்டே போகும். பின்பக்கம் இருக்கும் குமிழைத் திருகி நிறுத்த வேண்டும். திருகும் உரிமை கிராணியாருக்கு மட்டும். அணைத்த பிறகு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்குமாம். அது மறையும்வரை பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரமாட்டார்களாம்.

ஏரியல் கதை தனி. கூரைமேல் நிற்கும் அந்த அலுமினியக் கம்பி வரிசையில் பின்னால் இருப்பது நீளமானது, முன்னால் போகப் போகக் குட்டையாகும். குட்டைப் பக்கம் ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து இருந்தால்தான் படம் சுத்தமாக விழும். காற்றடித்தால் கம்பம் திரும்பிவிடும். மெலிந்த பையன் என்பதால் பெரியப்பாவைத்தான் கூரையில் ஏற்றுவார்கள். உள்ளேயிருந்து ஒருவர், வாசலில் ஒருவர், கீழே ஒருவர் என்று வரிசையாக நின்று "இன்னும் கொஞ்சம்! போதும்! போச்சு, பழைய இடத்துக்கே வா!" என்று குரல் மாற்றி மாற்றிப் போகும். கூரையில் இருந்தவர் படத்தைப் பார்த்ததே இல்லை. "நான் சரிபண்ணிட்டு இறங்குறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருக்கும்மா" என்றார். அறுபது வருடம் கழித்தும் அந்த ஏக்கம் குரலில் அப்படியே இருந்தது.

என்ன பார்த்தார்கள்? எல்லாவற்றையும்தான். மலாய்ச் செய்தி, ஆங்கிலக் கௌபாய்த் தொடர், சீனப் படம், புரிந்தாலும் புரியாவிட்டாலும். தமிழ் வருகிற நாள் மட்டும் வேறு நாள். வாரம் ஒரு தமிழ்ப் படம் என்றால் அன்று பெரியம்மா வீட்டில் மத்தியானமே இரவுச் சமையல் முடிந்துவிடும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது தமிழ்ப் படம் எந்தக் கிழமை என்றுகூடப் பார்த்தார்களாம். பெரியம்மா இதைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

பெட்டி வைத்திருந்தால் வருடா வருடம் உரிமக் கட்டணம் உண்டு. 24 வெள்ளி (ரிங்கிட்). 1999 வரைக்கும் அது இருந்தது. சம்பளம் குறைவாக இருந்த அறுபதுகளில் அதுவும் யோசிக்க வேண்டிய பணம்தான். பெட்டியின் விலைக்குமேல் இதுவும் சேர்வதால்தான் பல குடும்பங்கள் பத்து வருடம் பக்கத்து வீட்டு ஜன்னலிலேயே பார்த்தார்கள் என்கிறார் பெரியப்பா. நான் நம்புகிறேன்.

25 டிசம்பர், திங்கள்

கிறிஸ்துமஸ் விருந்துக்கு அத்தையின் சம்பந்தி வீட்டுக்குப் போனோம், கிள்ளான். அத்தை எழுபதுகளில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். பட்டணத்து வரலாறும் தோட்டத்து வரலாறும் ஒன்றில்லை என்பதை இன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தோட்டத்தில் மின்சாரம் ஜெனரேட்டரில். இரவு குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். அதனால் மாமா கார் பேட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். பேட்டரியை சைக்கிள் பின்னால் கட்டி, பட்டணத்துச் சீனன் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். சார்ஜ் குறையக் குறையப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். "கடைசியில கதாநாயகன் தலை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். அப்பவும் விடமாட்டோம், கிட்டப் போயி உக்காந்துக்குவோம்" என்றார் அத்தை. படம் முடிவதற்குள் பேட்டரி முடிந்துவிட்டால், மறுநாள் காலை வெட்டு வேலைக்குப் போகும்போது தோட்டத்து மண்டபத்தில் பார்த்தவர்கள் மிச்சக் கதையைச் சொல்வார்களாம்.

வண்ணம் வந்தது 1978 டிசம்பர் 28ல், சரியாக 15ஆம் பிறந்தநாளில். அதுவும் முதல் அலைவரிசைக்கு மட்டும். இரண்டாம் அலைவரிசைக்கு வண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. தமிழுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் இரண்டில்தான். ஆகவே வண்ணப் பெட்டி வாங்கிய தமிழ்க் குடும்பங்களும் தமிழ் நிகழ்ச்சியை இன்னும் கொஞ்ச காலம் கறுப்பு வெள்ளையிலேயே பார்த்தன. எந்த விழா மலரிலும் இதை நான் படித்ததில்லை. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

26 டிசம்பர், செவ்வாய்

முன்பு செய்தி மொழிபெயர்ப்பில் இருந்த ஒரு ஐயாவைச் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்றார்.

பழைய தாள் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். மலாயில் வந்த செய்தியைக் கையால் தமிழில் எழுதியது. மூச்சு விட வேண்டிய இடத்தில் சாய்கோடு, அழுத்த வேண்டிய சொல்லின் கீழே சிவப்பு மைக் கோடு. மலாய் ஊர்ப்பெயர்களுக்குமேல் பென்சிலால் உச்சரிப்பு. ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று முறை அடித்து எழுதியிருந்தார்கள். "வாசிக்கிறவருக்கு நாக்கு தடுக்கக்கூடாதுல்ல. தடுக்கினா வீட்ல பார்க்குறவங்க அதைத்தான் ஞாபகம் வெச்சுக்குவாங்க" என்றார். நேரம் நெருங்க நெருங்கத் தாள் தாளாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம்.

அந்த ஒளிபரப்புகள் எங்கேயாவது இருக்குமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

காரணம் புரிகிறது. அன்றைய வீடியோ நாடா இரண்டு அங்குல அகலம். தூக்கினால் கை கனக்கும், விலையும் எக்கச்சக்கம். உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒன்றை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிந்தன. பிபிசியே தன் பழைய நிகழ்ச்சிகளை அப்படி இழந்திருக்கிறது. செய்திக்குப் படச்சுருளில் எடுத்த துண்டுகளாவது பெட்டியில் தூங்கும். நேரலையில் வாசித்ததும் பேசியதும் பாடியதும் காற்றோடு போய்விட்டது. எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்த நேரத்தில் சிறுபான்மை மொழி நிகழ்ச்சிகளுக்காக வாதாட ஆள் இருந்திருக்க வேண்டும். அந்தத் தாள் ஐயாவின் அலமாரியில் இருக்கிறதே, அதுதான் இப்போது ஆவணம்.

அனுமதி வாங்கி இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன்.

28 டிசம்பர், வியாழன்

பிறந்தநாள். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். அங்காசாபுரி என்றே ஒரு நிலையம் இருக்கிறது. ஒலிபரப்பு நிலையத்தின் பெயரை ரயில் நிலையத்துக்கும் வைத்திருப்பது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். 1969 அக்டோபர் 6ல் தொலைக்காட்சி ஜாலான் அம்பாங்கிலிருந்து இங்கே வந்து, வானொலியோடு ஒரே துறையானது. அதே வருடம் நவம்பர் 17ல் இரண்டாம் அலைவரிசை. மே 13 இனக்கலவரம் நடந்த அதே 1969 அது. நாடு அடிபட்டிருந்த நேரத்தில் எல்லா மொழிக்காரரையும் ஒரே பெட்டிக்குமுன் உட்காரவைப்பது சின்ன வேலையில்லை.

வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். வழியில் அண்ணனிடம் தொலைபேசியில் பேசினேன். அவன் தலைமுறைக்குத் தொலைக்காட்சி என்றால் 1984 ஜூன் 1ல் வந்த டிவி3, நாட்டின் முதல் தனியார் நிலையம். அப்புறம் 1992 தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டி. நெகாரா அரங்கில் இந்தோனேசியாவை 3-2 என்று ஜெயித்த இரவு, தெரு முழுக்க ஒரே நேரத்தில் கத்தியதை இன்றும் சொல்கிறான்.

1996ல் அஸ்ட்ரோ, கட்டணம் கட்டிப் பார்க்கும் துணைக்கோளத் தொலைக்காட்சி. இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. "அந்தக் காலத்தில் வாரம் ஒரு படம், அதில் இருந்த சுகம் இப்போது இல்லை" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சுகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரத் தமிழுக்குக் காத்துக் கிடந்தது பெருமைப்படக்கூடிய நிலைமை இல்லை. அஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசையான வானவில் வந்த பிறகுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் நடிகராக, ஒளிப்பதிவாளராக, வசனகர்த்தாவாகச் சம்பளம் வாங்கிப் பிழைக்க முடிந்தது. செந்தூல் சந்தும் தோட்டத்து லைன் வீடும் திரையில் நம் பேச்சோடு வந்தன. மாதாமாதம் காசு கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் வந்தன என்பதுதான் என் குறை. அரசாங்க அலைவரிசையில் தமிழுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

வீடு வந்து சேர்ந்ததும் இடியோடு மழை. பக்கத்து வீட்டில் படம் நின்றுவிட்டது. துணைக்கோள அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும், கோலாலம்பூர் மாலை மழைக்கு அது தாங்காது. எங்கள் வீட்டில் கூரை ஏரியல், இலக்கமுறைப் பெட்டி. 2019 அக்டோபர் 31ல் பழைய அனலாக் அலைவரிசை முறை நாடு முழுக்க நிறுத்தப்பட்ட பிறகு வாங்கியது. இரண்டாம் அலைவரிசையில் தமிழ்ச் செய்தி வந்தது. வாசித்த பெண் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. ஐயாவுக்கு உடனே ஒரு செய்தி அனுப்பினேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

30 டிசம்பர், சனி

ஒலிப்பதிவுகளைப் பிரித்துப் பெயரிட்டேன்: பேசியவர் யார், எந்த ஊர், எந்த வருடத்தைப் பற்றி. ஒரு பிரதி ஜாலான் டூத்தாவில் (இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம்) உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு, ஒன்று மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன். அலுவலகங்கள் புத்தாண்டுக்குப் பிறகுதான் திறக்கும்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் கட்டாயம் இருக்கும். பிறந்தநாள், தீபாவளி, புதுத் துணி, பின்னால் பெட்டி, அதன்மேல் பின்னல் துணியும் பிளாஸ்டிக் பூவும். படத்தின் பின்பக்கம் ஊர், வருடம், நிற்பவர்கள் யார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பெட்டி யாருடையது என்பதையும் கேளுங்கள். பாதிப் படங்களில் அது பக்கத்து வீட்டுப் பெட்டியாக இருக்கும்.

பெரியப்பா மறுபடி கூப்பிட்டிருந்தார். கிராணியார் மகன் பினாங்கில் இருக்கிறாராம், நம்பர் கிடைத்துவிட்டதாம். அந்த மரப்பெட்டியை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னார். ஜனவரியில் போகிறேன்.